காலி அட்டை மருந்துச் சீட்டு ஆகாது

தாராவியில் என் மெடிக்கலுக்கு வருகிற நம் ஆட்கள் பலர் சீட்டைக் கொண்டு வருவதில்லை. காலி மாத்திரை அட்டையை நீட்டி, "அண்ணாச்சி, இதே மாதிரி ரெண்டு அட்டை தாங்க" என்பார்கள். அட்டையில் மாத்திரையின் பெயர் இருக்கும். டாக்டர் எத்தனை நாளைக்கு எழுதினார், நடுவில் அளவை மாற்றினாரா என்பதெல்லாம் இருக்காது.

ஓர் அக்கா சர்க்கரைக்கு கிளைமிபிரைடு 2 மி.கி. அட்டையோடு வந்தார். வீட்டில் இருந்த புதுச் சீட்டை எடுத்துவரச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போய் எடுத்து வந்தார். பார்த்தால், பக்கத்துச் சயானில் இருக்கும் டாக்டர் 1 மி.கி.யாகக் குறைத்திருக்கிறார். பழைய அளவிலேயே போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாடும் தள்ளிப்போனால், சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, மயங்கி விழவும் கூடும்.

1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, 'ஷெட்யூல் எச்' மருந்தை, அதாவது டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் விற்க வேண்டிய பட்டியலில் உள்ளதை, ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் தரலாம். திரும்பத் தரலாம் என்று டாக்டரே எழுதியிருந்தால், அவர் சொன்ன தடவை, சொன்ன இடைவெளியில் தரலாம். ஆகவே சர்க்கரை, பிரஷர், தைராய்டுக்காரர்கள் "மாதம் ஒருமுறை, 3 மாதம்" என்பது போல டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்ததும் சீட்டில் கடைப் பெயரும் தேதியும் குத்துவேன். சீட்டு அழுக்காகிறது என்று சிலருக்கு வருத்தம்! எப்போது வாங்கினீர்கள் என்ற கணக்கே அதுதான்.

பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம், வலிக்குத் தரும் டிரமடால், சில ஆன்டிபயாடிக்குகள் இன்னும் கண்டிப்பான 'எச்1' பட்டியலில் வரும். அவற்றுக்கு உங்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு அதிகம் பயம் தருவது ஸ்டீராய்டு கண் சொட்டு மருந்து. கண் சிவந்தால் போதும், போன வருடப் புட்டியைக் காட்டி இன்னொன்று கேட்பார்கள். உறுத்தல் உடனே அடங்கிவிடும், அதனால்தான் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். ஆனால் டாக்டர் பார்க்காமல் வாரக்கணக்கில் ஊற்றினால், வலியே தெரியாமல் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும். கெட்ட நரம்பு திரும்பாது. இதைச் சீட்டில்லாமல் நான் தருவதே இல்லை.

அப்புறம், அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி இருக்கும் முனையைக் கடைசிவரை விட்டுவையுங்கள். மே மாதம் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு வாரம் முன்னாலேயே சீட்டோடு வாருங்கள். தினசரி பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று நாகர்கோவில் ரயிலில் ஏறிய பிறகு போன் செய்தால், நான் எந்த ஸ்டேஷனில் கொண்டுவந்து தர?