கழித்தலை நீக்கலாமா?

மருமகள் நாலாம் வகுப்புப் படிக்கிறாள். போன கிழமை அவளுடைய டப்பில் ஒரு கணக்குச் செயலி தமிழில் கேள்வி கேட்டது: "94இலிருந்து 4ஐ நீக்குக." அவள் யோசிக்கவே இல்லை, 9 என்று அழுத்தினாள். பிழை என்று சிவப்புக் கோடு விழுந்தது. "4ஐ நீக்கினால் 9 தானே மாமா நிக்கும்?" என்று என்னைப் பார்த்தாள். செயலி எதிர்பார்த்த விடை 90. ஆனால் கேள்வியைத் தமிழாக வாசித்தவள் அவள்தான்; எழுதினவர் அதைத் தமிழாக நினைத்தே பார்க்கவில்லை.

கழித்தலுக்குப் பதிலாக வருகிற இந்த "நீக்கல்" எனக்குப் புதிதல்ல. ரியூசன் தாள்களில் கண்டிருக்கிறேன், காணொளிப் பாடங்களில் கேட்டிருக்கிறேன். விட்டுவிடுவோம் என்று இருந்தேன். பிள்ளை பிழை வாங்கின பிறகு விட மனம் வரவில்லை.

முதலில் சொல்லின் வேர். கழி என்பதற்குக் கடந்து போதல் என்று பொருள். பொழுது கழிகிறது என்றால் தானாகப் போகிறது. பொழுதைக் கழிக்கிறோம் என்றால் நாங்கள் போகவிடுகிறோம். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. மலையாளத்தில் "கழிஞ்ஞு" என்றால் முடிந்தது. கன்னடத்தில் "களெ" என்பதற்கு நேரத்தைப் போக்குதல், எண்ணைக் கழித்தல் இரண்டும் பொருள். யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்தில் நன்னூலைப் படிக்காதவருக்கும் "பழையன கழிதலும் புதியன புகுதலும்" தெரியும். நல்லூர் ஆறுமுக நாவலர் காண்டிகையுரை எழுதிய நூல் அது. இவ்வளவு போதும், வேருக்குள் நிற்க நேரமில்லை.

நீக்கு என்பது நீங்கு என்பதன் பிறவினை. இருந்த ஒன்றை இருந்த இடத்தில் இல்லாமற் செய்வது. பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கலாம், ஆளைப் பதவியிலிருந்து நீக்கலாம். ஆங்கிலத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கழித்தலை "டேக் அவே" என்று சொல்லிக்கொடுப்பார்கள். அதை யாரோ தமிழாக்கப் போய் நீக்கலில் விழுந்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். தட்டில் ஒன்பது மாம்பழம், நாலை எடு, மிச்சம் எத்தனை? அந்த ஒரு கணக்குக்கு அது பொருந்தும். அத்தோடு சரி.

அண்ணனுக்கு 17 வயது, தங்கைக்கு 12. எத்தனை வயது வித்தியாசம்? இங்கே யாரை நீக்குவது? வட்டுக்கோட்டை செமினறி என்ற கல்லூரி 1823இல் தொடங்கி 1855இல் மூடப்பட்டது. 1855இலிருந்து 1823ஐக் கழித்தால் 32 ஆண்டுகள் நடந்தது என்று வருகிறது. 1823ஐ நீக்கினால் செமினறி தொடங்கவே இல்லை! கடையில் 640 ரூபாவுக்குச் சாமான் வாங்கி 1000 ரூபாத் தாள் கொடுத்தால் பழைய கடைக்காரர் என்ன செய்வார்? 640, 700, 1000 என்று மேலே எண்ணிக்கொண்டு போய் 360ஐக் கையில் வைப்பார். எதையும் எடுத்து எறியவில்லை, 640ஐக் கடந்து 1000 வரைக்கும் போனார். நாலோடு எதைச் சேர்த்தால் ஒன்பது வரும் என்ற கேள்விதானே கழித்தல்.

பிறகு 3இலிருந்து 5. மூன்று மாம்பழத்தில் ஐந்தை நீக்க முடியாது, பிள்ளை அந்த இடத்தில் நின்றுவிடும். கழித்தால் −2 வரும். கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628இல் எழுதிய நூலில் இதற்குச் செல்வம், கடன் என்று பெயர் வைத்தே விதி சொன்னார். எங்கள் ஊர்க் கடைக் கொப்பியிலும் அதே கதைதான். "கணக்கிலை கழிச்சு விடுங்கோ" என்பார்கள். கழித்த பிறகும் 200 ரூபா கொடுக்க இருக்கும்.

நீக்கலுக்காக ஒரு ஆசிரிய நண்பர் சொன்ன நியாயம் இதைவிட வேடிக்கை. கழித்தல் என்றால் கழிப்பறை ஞாபகம் வருகிறதாம், பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டுமே. துடக்குக் கழிக்கிறோம், நாவூறு கழிக்கிறோம். அப்போது யாரும் சிரிப்பதில்லை. போதாததற்கு, கழி என்பதற்கு மிகுதி என்றும் ஒரு பொருள் உண்டு. அளவைக் கடந்தது என்பதால் வந்த பொருள் என்றே எனக்குப் படுகிறது. அளவு மீறித் தின்பவனைக் குறள் "கழிபேர் இரையான்" என்கிறது. குறைக்கிற சொல்லும் கூடுகிற சொல்லும் ஒரே ஒலியில் நிற்கிற மொழியில், கக்கூசுக்குப் பயந்து ஒரு சொல்லைக் கைவிடுவதா?

இந்தக் கூச்சம் கடைப் பலகைக்கும் ஏறிவிட்டது. "20% கழிவு" என்று எழுதின இடத்தில் இப்போது "20% தள்ளுபடி". கழிவு என்றால் குப்பையாம். கணக்கீடு படித்த எங்கள் பிள்ளைகளுக்குக் காசுக் கழிவும் வியாபாரக் கழிவும் தண்ணீர்பட்ட பாடு. தள்ளுபடி என்றால் எனக்கு நீதிமன்றத்தில் தள்ளின வழக்குத்தான் முன்னுக்கு வரும். சென்னைக்காரருக்கு அது பழகின சொல், அவர்கள் வைத்திருக்கட்டும். இங்கே கழிவுக்கு என்ன குறை?

தனித்தமிழ் பேசி இதைத் தீர்க்க முடியாது, இரண்டும் தமிழ்தான். வடசொல்லோடும் எனக்குப் பகை இல்லை. மூத்தவர்கள் கழித்தல் குறியைச் "சய" என்று வாசிப்பார்கள்: பத்து சய மூன்று சமன் ஏழு. க்ஷயம், தேய்வு, சயரோகத்தில் இருக்கிற அதே சயம். அதை நான் இன்றைக்கும் சொல்கிறேன். என் சண்டை சொல் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியதல்ல, பிள்ளைக்கு விளங்குகிறதா என்பதுதான். மானிப்பாயில், அமெரிக்காவிலிருந்து வந்த கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த ஊர் இது. உடம்பின் உறுப்புகளுக்கெல்லாம் சொல் தேடியவர்கள் இருந்த இடத்தில், ஏற்கெனவே இருக்கிற சொல்லைப் பாவிக்க இயந்திரத்திடம் கேட்கிறார்கள்.

செயலியில் "பிழை அறிவிக்க" என்று ஒரு இடம் இருந்தது. அதிலே இதையெல்லாம் நீட்டி எழுதினேன். மருமகள் பறித்து ஏதோ அழுத்த, "செய்தியை நீக்கவா?" என்று கேட்டது. அந்த இடத்தில் சொல் சரிதான்.