புராஜெக்ட் பேப்பராக மாறும்போது எந்த விதி பொருந்தும்?

ஏப்ரல் பிறந்தால் நாகர்கோவிலில் கல்லூரிப் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கடைசி செமஸ்டர் மாணவர்கள் பென் டிரைவும் கையுமாக வரிசையில் நிற்பார்கள். நாலு பிரதி, கெட்டி பைண்டிங், அட்டையில் பொன்னெழுத்து. வைவா முடிந்ததும் அது துறை அலமாரியில் போய் உட்கார்ந்துவிடும். பெரும்பாலான புராஜெக்ட்டுகளின் கதை அங்கேயே முடிகிறது. ஒன்றிரண்டுக்கு மட்டும், "நல்லா வந்திருக்கே, இதை ஒரு பேப்பரா போடலாமே" என்று கைடு சொல்வார். அந்த நிமிடம் முதல் உங்களுக்குப் பொருந்தும் விதி மாறுகிறது. பலருக்கு இது தெரியாது.

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., கருத்துத் திருட்டைத் தடுக்க 2018 ஜூலையில் ஓர் ஒழுங்குமுறையை அறிவித்தது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நம் மாவட்டக் கல்லூரிகளையும் அது கட்டுப்படுத்தும். எந்த எழுத்து இந்த விதிக்குள் வரும் என்பதற்கு அதிலேயே ஒரு வரையறை இருக்கிறது. முதுநிலை, ஆராய்ச்சிப் பட்டங்களுக்கான ஆய்வேடுகள் வரும். அச்சிலோ இணையத்திலோ வெளியாகும் கட்டுரையை மாணவர் எழுதினாலும் ஆசிரியர் எழுதினாலும் வரும். அசைன்மென்ட், புராஜெக்ட் ரிப்போர்ட், விடைத்தாள் எல்லாம் வராது. ஆக, பி.எஸ்சி. புராஜெக்ட் அலமாரியில் இருக்கும்வரை இந்த விதி அதைத் தொடுவதில்லை (கல்லூரி தனியாக விதி வைத்திருந்தால் அது வேறு). அதே நாற்பது பக்கத்தை ஆறு பக்கமாகச் சுருக்கி ஜர்னலில் வெளியிட்டால், மூன்றாம் ஆண்டு மாணவரும் முப்பது வருட அனுபவமுள்ள பேராசிரியரும் ஒரே விதியின் கீழ் வந்துவிடுகிறார்கள்.

பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமையை அந்த விதி நாலு படிகளாகப் பிரிக்கிறது. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்வார்கள். 40 முதல் 60 வரை போனால், திரும்பப் பெறுவதோடு ஓர் ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குப் புதிய ஆராய்ச்சி மாணவரைச் சேர்த்துக்கொள்ள முடியாது. 60-க்கு மேல் போனால் அடுத்தடுத்து இரண்டு ஊதிய உயர்வுகள் போகும், மூன்று ஆண்டுகளுக்கு மாணவர் சேர்ப்பு இல்லை. இதில் ஊதிய உயர்வு யாருக்கு? இருபது வயது மாணவருக்கு அது ஏது? அடி கைடுக்குத்தான். அவர் பெயரும் கட்டுரையில் இருக்கிறதே. "சார் ஒரு வரிகூட விடாம வாசிக்கிறாரு" என்று அலுத்துக்கொள்ளும் மாணவர்கள் இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

பத்து சதவீதம் வரை எடுத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது என்று சிலர் இதை வாசிக்கிறார்கள். அது தப்பு. சுருக்கம், கருதுகோள், அவதானிப்பு, முடிவுகள், பரிந்துரை ஆகியவை சொந்தமாகவே இருக்க வேண்டும், அங்கே ஒற்றுமையே கூடாது என்று அதே விதி சொல்கிறது. பொதுவாக எல்லோரும் அறிந்த விஷயம், தற்செயலாக ஒத்துப்போகும் சொற்கள் என்றால் தொடர்ந்து 14 சொற்கள் வரை கணக்கில் எடுக்கமாட்டார்கள். முறையாகப் பெயர் சொல்லிக் காட்டிய மேற்கோள், நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, சட்டப் பெயர்கள், வழக்கமான சமன்பாடுகள் ஆகியவையும் கணக்கில் சேராது.

இந்த ஒற்றுமையை அளக்கும் மென்பொருள் காட்டும் எண்ணை மட்டும் நம்ப முடியாததற்கு நம் ஊரிலேயே காரணம் இருக்கிறது. போன வருட சீனியரின் புராஜெக்ட் இணையத்தில் இருக்காது, அலமாரியில்தான் இருக்கும். அதை அப்படியே தட்டச்சு செய்தால் மென்பொருள் 4 சதவீதம் என்று பச்சைக்கொடி காட்டும். தமிழ்க் கட்டுரை ஒன்றை ஆங்கிலத்துக்கு மாற்றினாலும் அதேதான். இரண்டும் திருட்டுதான். மாட்டுவது மென்பொருளிடம் அல்ல, அந்த சீனியரிடம்.

சொற்களைவிடப் பெரிய சிக்கல் எண்களில் இருக்கிறது. நுண்ணுயிரியல் துறையில் ஆண்டுதோறும் பார்க்கிற புராஜெக்ட் ஒன்று உண்டு. ஏதாவது ஓர் இலையின் சாற்றை எடுத்து, பாக்டீரியா வளர்த்த தட்டில் ஊற்றி, வளர்ச்சி நின்ற வட்டத்தை அளப்பது. மூன்று தட்டு வைத்தால் இரண்டில் 14 மில்லிமீட்டர் வரும், ஒன்றில் வட்டமே வராது. அந்த மூன்றாவது தட்டை என்ன செய்வது? அதை விட்டுவிட்டு இரண்டின் சராசரியை எழுதினால் அது முடிவைத் திரிப்பது. மூன்றையும் எழுதி, மூன்றாவதில் என்ன நடந்திருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் அது ஆராய்ச்சி. படங்களுக்கும் இதே நியாயம்தான். தட்டின் படம் முழுவதையும் ஒரே அளவில் வெளிச்சமாக்கலாம். மூலையில் இருக்கும் பூஞ்சையை மட்டும் அழிக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் ஜர்னல் மூலப் படத்தையும் குறிப்பேட்டையும் கேட்கும். வைவா முடிந்த கையோடு குறிப்பேட்டைப் பழைய பேப்பர் கடையில் போடுகிறவர்களுக்கு அங்கேதான் பதில் இருக்காது.

அப்புறம் அனுமதி. நான் பார்த்தவரை நல்ல புராஜெக்ட்டுகள் கடைசி நேரத்தில் விழுவது இங்கேதான். மார்த்தாண்டம் பக்கத்து முந்திரி ஆலையில் வேலை செய்யும் பெண்களிடம் ரத்த அழுத்தம் அளக்கிறீர்கள், கடற்கரைக் கிராமத்தில் சர்க்கரை நோய் பற்றிக் கேள்வித்தாள் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைப்படி, ஆய்வு தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். தகவலைச் சேகரித்துவிட்டுப் பின்தேதியிட்டு வாங்க முடியாது. ஆபத்தே இல்லாத, பெயர் கேட்காத எளிய ஆய்வுகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் விலக்கு உண்டா என்று முடிவு செய்வதும் அந்தக் குழுதான், நாமல்ல. உங்கள் கல்லூரியில் குழு இல்லையென்றால் குழு உள்ள வேறு நிறுவனத்தோடு கல்லூரி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். பங்கேற்பவருக்குப் புரிகிற மொழியில் சம்மதப் படிவம் இருக்க வேண்டும். நம் ஊரில் அது தமிழ், சில இடங்களில் மலையாளம். ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்கி வந்தால் அது சம்மதம் ஆகாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதமும், ஏழு வயது முதல் பிள்ளையின் இசைவும் வேண்டும்.

விலங்கியல்காரர்களுக்கு வேறு கவலை. சின்னமுட்டத்திலோ குளச்சலிலோ வலையில் சிக்கி வரும் கடற்குதிரையும் கடல் அட்டையும் கரையில் கிடக்கும். சும்மா கிடக்கிறதே என்று ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை அவை. அதைப் படமெடுத்து, இடமும் தேதியும் எழுதி, கீழே நாலு பேர் பெயரைப் போட்டுக் கட்டுரை வெளியிட்டால், வாக்குமூலம் தயார். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் செடி பறிக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி எண்ணைக் கட்டுரையிலேயே எழுதச் சொல்லும் ஜர்னல்கள் உண்டு.

பேச்சிப்பாறைக்கு மேலே காணி பழங்குடி மக்களிடம் மூலிகை கேட்டு எழுதுவது தாவரவியல் மாணவர்களுக்குப் பிடித்த தலைப்பு. அங்கே போகும் முன் ஒரு கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து திருவனந்தபுரம் பக்கம் பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1990-களில் அதன் உரிமத்தை ஒரு மருந்து நிறுவனத்துக்குக் கொடுத்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. இப்படிப் பங்கு தரும் ஏற்பாட்டுக்கு இன்றும் உலகெங்கும் அதை உதாரணம் காட்டுகிறார்கள். உங்கள் கட்டுரையிலிருந்து மருந்து வரப்போவதில்லை, சரி. ஆனால் ஒரு வைத்தியர் சொன்ன முறையை அவர் சம்மதமில்லாமல் அச்சிட்டுவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. எந்தத் தகவலை வெளியிடலாம், அவர் பெயரைப் போடலாமா என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

எந்த ஜர்னல் என்ற கேள்வி 2025 பிப்ரவரிக்குப் பிறகு கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. அதுவரை யு.ஜி.சி. கேர் என்று ஒரு பட்டியல் இருந்தது, அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இப்போது அந்தப் பட்டியல் நிறுத்தப்பட்டு, ஜர்னலை எடைபோடும் அளவுகோல்கள் மட்டும் தரப்பட்டுள்ளன. முடிவு கல்லூரியின் கையில். ஆனாலும் "யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றது" என்று இன்னமும் வாட்ஸ்அப்பில் விளம்பரம் வருகிறது. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே என்பார்கள். அது ஜர்னலின் கதவு எண் மாதிரி, தரச்சான்று இல்லை. இந்தியாவில் அதை இலவசமாகவே தருகிறார்கள். இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டோம், பணத்தை ஜீபே செய்யுங்கள் என்றால் அங்கே யாரும் உங்கள் கட்டுரையை வாசிக்கவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு ஜர்னலுக்கு அனுப்பக் கூடாது. சாட்ஜிபிடி போன்றவற்றைப் பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று சொல்ல வேண்டும். அதைக் கட்டுரையாசிரியராகப் போட முடியாது என்று பதிப்பு நெறிமுறைக்கான சர்வதேசக் குழுவான கோப் 2023-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

கடைசியாக, மாணவர்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் விஷயம்: பெயர். மருத்துவ ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நாலு நிபந்தனைகளைப் பல அறிவியல் ஜர்னல்கள் பின்பற்றுகின்றன. ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு. நாலும் இருந்தால்தான் கட்டுரையாசிரியர். ஆய்வகம் திறந்துவிட்டதற்காக ஹெச்.ஓ.டி. பெயரைச் சேர்க்க இதில் இடமில்லை, நன்றியுரையில் சொல்லலாம். தட்டு ஊற்றி, அளந்து, அட்டவணை போட்ட மாணவரை எழுதும் கட்டத்தில் கூப்பிடாமல் விட்டு, பிறகு "நீ எழுதலையே" என்று கழற்றிவிடவும் இடமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண் தன் புராஜெக்ட் வெளியானதையே அடுத்த வருடம் தேடும்போதுதான் பார்த்தாள். அவள் பெயர் நன்றியுரையில்கூட இல்லை.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதிய ரிப்போர்ட்டின் எழுத்துக்கு முதல் உரிமையாளர் நீங்கள்தான். மாணவர் கல்லூரியின் ஊழியர் அல்ல. அந்த உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். உங்கள் எழுத்தை வேறொருவர் தன் பெயரில் வெளியிட்டால் அதுவும் 2018 விதிப்படி கருத்துத் திருட்டுதான். ஆதாரத்தோடு துறையின் நேர்மைக் குழுவிடம் புகார் கொடுக்கலாம். அது 45 நாட்களுக்குள் கல்லூரி அளவிலான குழுவுக்கு அறிக்கை தர வேண்டும், அந்தக் குழுவுக்கும் 45 நாட்கள். துறைத் தலைவரே துறைக் குழுவின் தலைவர் என்பது சங்கடம்தான். ஆனால் துறைக்கு வெளியிலிருந்து ஒரு மூத்த ஆசிரியரும் அதில் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

கட்டுரை வந்து சேர்ந்ததும் எல்லாக் கட்டுரையாசிரியர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பும் ஜர்னல்கள் நிறைய. அதனால் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே முகவரி கொடுக்காதீர்கள். டி.சி. வாங்கியதும் அடைபடுகிற கல்லூரி முகவரியும் வேண்டாம், உங்கள் சொந்த முகவரியைக் கொடுங்கள்.