எண் அசையாத பதிவேடு

பாளையங்கோட்டைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிப் பதிவேட்டில் குளோரின் அளவு மூன்று மாதமாகத் தினமும் 0.2 என்றே இருக்கிறது. தண்ணீர் அவ்வளவு சீராக வருகிறது என்று சந்தோஷப்படுவதா, சந்தேகப்படுவதா?”

சந்தேகப்படலாம். ஆனால் அதற்குள் ஆபரேட்டர் மேல் பாய்ந்துவிடாதீர்கள்.

தாமிரபரணித் தண்ணீர் வரும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆற்றுப் படுகையில் உறைகிணறு, மணலே வடிகட்டி, பம்ப், தொட்டி, ப்ளீச்சிங் பவுடர், அரை மணி நேரக் காத்திருப்பு, பிறகு தெரு. கிருமிகளைக் கொன்றபின் மிச்சமிருக்கும் குளோரின் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்கவேண்டும் என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலை. பாஸ் மார்க் அது. பாஸ் மார்க்கையே தினமும் வாங்குகிற பையனைப் பார்த்தால் வாத்தியாருக்கு என்ன தோன்றும்?

உண்மையான அளவு ஆடிக்கொண்டே இருக்கும். காலை ஆறு மணிக்கும் பங்குனி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கும் ஒரே எண் வராது. குழாய் சூடேறினால் குளோரின் சீக்கிரம் தீர்ந்துபோகும். அப்படியிருந்தும் ஒரே எண் வர நியாயமான காரணம் ஒன்று உண்டு. பல ஊர்களில் கையிலிருப்பது குளோராஸ்கோப். நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க அதில் சில படிகள்தான் இருக்கும். இரண்டு படிகளுக்கு நடுவே நிறம் விழுந்தால், கண் பக்கத்துப் படியில் போய் நின்றுகொள்ளும். ஆகவே 0.2 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆள் பொய் எழுதினாரா, கருவி முரடா என்று சொல்லமுடியாது.

ப்ளீச்சிங் பவுடர் மூட்டையைக் கேட்டால் தெரிந்துவிடும். நீர்ப் பதிவேட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். பம்ப் ரூமில் தனித்தனியாக இரண்டு கணக்கு ஓடுகிறது: எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று காட்டும் ஃப்ளோ மீட்டர் ஒன்று, எத்தனை மூட்டை வந்தது, பிரித்தது என்று சொல்லும் ஸ்டாக் ரெஜிஸ்டர் ஒன்று. இரண்டையும் சேர்த்தால் மூன்றாவது எண் பிறக்கும். நாளைக்கு 5 லட்சம் லிட்டர் ஏற்றும் ஊர் என்று வையுங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் போடுவதாக எழுதியிருக்கிறது. அப்படியானால் நாளைக்கு 1 கிலோ குளோரின் வேண்டும். பவுடரில் குளோரின் 25 சதவீதம் என்றால் 4 கிலோ பவுடர். 25 கிலோ மூட்டை ஆறே நாளில் காலியாகவேண்டும். ஸ்டாக் ரெஜிஸ்டரிலோ 15 நாளைக்கு ஒரு மூட்டைதான் பிரித்திருக்கிறார்கள். திருப்பிப் போடுங்கள்: 25 கிலோவில் கால் பங்கு 6.25 கிலோ குளோரின். 15 நாளில் ஏறிய தண்ணீர் 75 லட்சம் லிட்டர். வகுத்தால் லிட்டருக்கு 0.83 மில்லிகிராம். பேனா 2 என்கிறது, மூட்டை 0.83 என்கிறது. நான் மூட்டையை நம்புவேன்.

மூட்டைக்கும் ஒரு குறை உண்டு. புதிய பவுடரில் 33 சதவீதம் வரை குளோரின் இருக்கும். ஈரமும் வெப்பமும் பட்டால் அது பறந்துபோகும். தகரக் கூரை அறையில் வாய் திறந்து கிடந்த மூட்டை 15 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால், அதே 4 கிலோவில் கிடைப்பது 1.2 மில்லிகிராம்தான். அதனால் மூட்டை வந்த தேதி, பிரித்த தேதி, சோதித்த சதவீதம் மூன்றையும் எழுதவேண்டும்.

அடுத்தது, போட்டதற்கும் மிஞ்சியதற்கும் உள்ள இடைவெளி. 2 போட்டு அரை மணி கழித்துத் தொட்டியில் 1.2 இருந்தால், தண்ணீர் 0.8-ஐத் தின்றிருக்கிறது. ஒரு நாள் அதே 2 போட்டும் 0.5தான் மிஞ்சினால், தின்றது 1.5. தெருக் குழாயில் அன்றைக்கும் 0.2 தாண்டிப் பாஸ் ஆகிவிடலாம். ஆனால் தண்ணீரின் பசி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிட்டது. புதுவெள்ளத்தில் வந்த இலைச் சாறாக இருக்கலாம், சாக்கடை அமோனியாவாக இருக்கலாம். 2023 டிசம்பர் வெள்ளம் போல ஒன்று வந்து உறைகிணற்றின் மூடியே மூழ்கினால், மணலில் வடியாமல் நேராக உள்ளே இறங்கிய கலங்கலாகவும் இருக்கலாம். தினமும் 0.2 எழுதும் பதிவேட்டில் இந்த எச்சரிக்கைக்கு இடமே இல்லை.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு, பாபநாசம் பக்கம் கூட்டம் இறங்கும் நாட்களைக் குறிப்புக் கட்டத்தில் எழுதி வைத்தால் இந்தப் பசி ஏறுவதற்குக் காரணம் தேட வசதி. (பரிகாரம் என்று ஆற்றில் துணியை விட்டு வருகிறவர்களின் பாவம் போகிறதா தெரியாது; துணி போவதில்லை.)

குளோராஸ்கோப்புக்குப் பதிலாக, குளோரினைச் சோதிக்கும் டி.பி.டி. மாத்திரை வைத்திருப்பவர்களுக்கு வேறொரு பொறி காத்திருக்கிறது. 10 மி.லி. தண்ணீரில் மாத்திரை கரைந்ததும் குளோரின் அதை இளஞ்சிவப்புச் சாயமாக மாற்றும். குளோரின் லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவைத் தாண்டிவிட்டால், அந்தச் சாயத்தையே மேலும் தாக்கி நிறமில்லாமல் ஆக்கிவிடும். மருந்து ஊற்றிய உடனே தொட்டியில் மாதிரி எடுத்தால் இது நடக்கும். நிறம் மின்னி மறைய, ‘0’ என்று எழுதி இன்னும் ஒரு வாளி ஊற்றுவார்கள். ஒரு பங்கு மாதிரிக்கு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துப் பார்த்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். நிறத்தை உடனே பார்க்கவும் வேண்டும். தாமதித்தால் அமோனியாவோடு சேர்ந்த குளோரினும் மெல்ல நிறம் காட்டி எண்ணை ஏற்றிவிடும். குளோராஸ்கோப்பில் ஊற்றும் ஆர்த்தோடொலிடின் திரவம் தரும் மஞ்சளோ, தனிக் குளோரின், அமோனியாவோடு சேர்ந்த குளோரின் இரண்டையும் சேர்த்தே காட்டும். ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் எந்தச் சோதனை, எந்த இடம், எத்தனை மணி என்பது இல்லாவிட்டால் மஞ்சள் 0.3-ம் சிவப்பு 0.3-ம் ஒன்றுபோலத் தெரியும்.

இணையத்தில் எண் காட்டும் சென்சருக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் மாத்திரைப் பெட்டிக்கும் ஒதுக்கலாம். கழுவாத, சரிபார்க்காத சென்சர் 0.2 எழுதுகிற பேனாவுக்குச் சொந்தக்காரன்.

எழுதும் முறை சுலபம். பென்சில் வேண்டாம், ஒயிட்னர் வேண்டவே வேண்டாம். தப்பை ஒரே கோட்டில், படிக்கும்படி அடித்து, சரியான எண்ணைப் பக்கத்தில் எழுதிச் சுருக்கொப்பமும் நேரமும் போடவேண்டும். சோதிக்காத நாளில் கட்டத்தைக் காலியாக விடாமல் ‘மாத்திரை இல்லை’, ‘மின்சாரம் இல்லை’ என்று எழுதவேண்டும். அந்த வரி ஆபரேட்டருக்குப் பாதுகாப்பு. மாட்டிக்கொள்வது மாத்திரை வாங்காதவர்.

வாசகருக்கு: அடுத்த முறை 0.2-ஐ விட்டுவிட்டு, மாதத்தின் முதல் நாள், கடைசி நாள் மீட்டர் எண்ணையும் அந்த மாதம் பிரித்த மூட்டைகளையும் கேளுங்கள். பெருக்கி வகுக்க இரண்டு நிமிடம் போதும்.