‘மன அழுத்த ஹார்மோன்’: மனத்துக்கு இதில் என்ன வேலை?

பள்ளத்தூரில் எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி, காரைக்குடிப் பரிசோதனைக் கூடம் ஒன்றிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கேனும் ஒரு சீட்டுமாகத் திரும்பி வந்தார். சில மாதங்களாக அவருக்குத் திடீர் திடீரென்று தலைவலி, வேர்வை, நெஞ்சுப் படபடப்பு. அரை மணியில் அடங்கிவிடும். வரும்போது பார்த்தால் பிரஷர் எகிறியிருக்கும். அட்ரினல் சுரப்பியில் கட்டி இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார். சீட்டில் தமிழ்: ‘மன அழுத்த ஹார்மோன் சோதனை’.

“எனக்கென்ன தம்பி, புத்தியா பேதலிச்சிருக்கு? மனசைப் பாக்க ஒன்னுக்கைப் பிடிச்சுட்டு வரச் சொல்றாக.”

‘மன அழுத்த ஹார்மோன்’ என்ற இந்தச் சொற்றொடரை நாளிதழ் மருத்துவப் பக்கத்திலும் தொலைக்காட்சியிலும் கேட்டுக் கேட்டுச் சலித்திருந்தேன். ஆச்சி கேட்டதும் எழுதிவிடுவதென்று உட்கார்ந்துவிட்டேன்.

சுரப்பியின் பெயரை விரைவாகப் பார்த்துவிடுவோம். லத்தீனில் ‘ஆட்’ அருகே, ‘ரென்’ சிறுநீரகம், அட்ரினல். கிரேக்கத்தில் ‘எபி’ மேலே, ‘நெஃப்ரோஸ்’ சிறுநீரகம், எபிநெஃப்ரின். அந்தச் சுரப்பி சுரக்கும் ஹார்மோனுக்கு அட்ரினலின் என்றும் எபிநெஃப்ரின் என்றும் பெயர், இரண்டும் ஒரே பொருள்தான். தமிழில் அண்ணீரகம்: அண் + நீரகம். அண்மையிலும் அந்த அண் இருக்கிறது, அண்ணாந்து பார்ப்பதிலும் இருக்கிறது. அருகே, மேலே என்ற இரண்டையும் ஓரசையில் அடக்கியவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஹார்மோனுக்கு இயக்குநீர் என்பதும் சரியான ஆக்கமே. 1905இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் ஹார்மோன் என்ற பெயரை வழங்கியபோது, தூண்டி இயக்குவது என்ற கிரேக்கப் பொருளைத்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் ‘சிறுநீரில் இயக்குநீர்’ என்று எழுதினால் எந்த நீர் எதில் என்று படிப்பவர் தடுமாறுவார். இங்கே ஹார்மோனே இருக்கட்டும். தனித்தமிழ் அன்பர்கள் என்னை வையலாம்.

வில்லங்கம் ‘மன அழுத்தம்’தான். ஆங்கிலத்தில் ஸ்ட்ரெஸ், பிரஷர், டிப்ரெஷன் என்று மூன்று தனிச் சொற்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் மூன்றையும் ‘அழுத்தம்’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள். பிரஷர் இரத்த அழுத்தம். ஸ்ட்ரெஸ் மன அழுத்தம். டிப்ரெஷனும், மனச்சோர்வு என்ற நல்ல சொல் இருந்தும், பாதி இடங்களில் மன அழுத்தமே. ஆச்சியின் நோய்க்கு முதல் அடையாளமே இரத்த அழுத்தம் ஏறுவது. அதற்கான சோதனைக்கு ‘மன அழுத்தம்’ என்று பெயர் வைத்தால் கேட்பவர் என்ன நினைப்பார்? கவலையால் பிரஷர் ஏறுகிறது, கவலையை விட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பார். ஆச்சியின் மகன் சிங்கப்பூரிலிருந்து போனில் அதையேதான் சொன்னாராம்: “மனசை லேசா வச்சுக்கங்க.”

உண்மை தலைகீழ். மனம் நிம்மதியாக இருக்கும்போதும் அந்தக் கட்டி தன் பாட்டுக்கு அட்ரினலினையும் நார் அட்ரினலினையும் கொட்டும். படபடப்பு அதன் விளைவே ஒழிய காரணமல்ல. அட்ரினலின் விட்டுவிட்டு வரலாம். அது சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரின் கட்டிக்குள் ஓயாமல் உருவாகிக் கசிந்துகொண்டே இருக்கும். சிறுநீரில் அளப்பது பெரும்பாலும் இதைத்தான். இதில் மனம் எங்கே வந்தது?

‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லிலேயே மனம் கிடையாது. இறுக்கு என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. பொறியியலில் அதற்குத் தகைவு என்று அழகான தமிழ் வைத்திருக்கிறோம். 1936இல் ஹான்ஸ் செலியே எலிகளை வைத்து எழுதிய ஆய்வுக் கடிதத்துக்குப் பிறகுதான் அது மருத்துவத்தில் வேரூன்றியது. குளிர், காயம், நஞ்சு எது வந்தாலும் உடம்பு காட்டும் பதிலைப் பற்றிய ஆய்வு அது. உடம்புக்கு வரும் நெருக்கடி. பொதுக் கட்டுரைகளில் ‘நெருக்கடிக்கால ஹார்மோன்’ என்று எழுதலாம் என்பது என் கட்சி. 1975இன் நெருக்கடிநிலை நினைவு வருகிறதே என்றார் நண்பர் ஒருவர். வரட்டுமே, அப்போதும் உடம்பு நடுங்கத்தானே செய்தது.

சோதனைச் சீட்டில் அதுவும் போதாது. கார்ட்டிசோலையும் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் என்கிறார்கள். அது அண்ணீரகத்தின் வெளிப்பகுதியான புறணியில் சுரப்பது, அட்ரினலின் சுரப்பது உட்பகுதியான அகணியில். புறணி என்றதும் அடுத்தவீட்டுக் கதை பேசுவது ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. மரப்பட்டைக்கும் அதுதான் பெயர். இந்த இரு ஹார்மோன்களுக்கும் 24 மணி நேரச் சிறுநீர் பிடிப்பதுண்டு, தேடும் நோய் வேறு. ஆகவே சீட்டில் ‘அண்ணீரகக் கட்டிச் சோதனை, மெட்டாநெஃப்ரின்’ என்று போட்டால் ஆச்சிக்கும் புரியும், கூடத்துக்கும் குழப்பமில்லை.

அட்ரினலின் வகையறாவுக்குக் குடும்பப் பெயர் கேட்டகாலமைன். இதைப் பெயர்க்கப் புறப்படும் முன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மரத்தின் வைரத்தைக் காய்ச்சி எடுக்கும் காசுக்கட்டியை ஐரோப்பியர் மலாய்க்காரர் வாய்வழியாகக் கேட்டு ‘கேட்டச்சு’ ஆக்கினார்கள். அதிலிருந்து வடித்தது கேட்டகால். மலாய்ச் சொல்லுக்கும் நம் காசுக்கட்டியின் காசுக்கும் உறவுண்டு என்கின்றன அகராதிகள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய ஊர்க்காரர்களுக்கு இது வியப்பாக இருக்காது. அந்தச் சொல்லை அப்படியே விடுங்கள், அது பாதி நம் வீட்டுப் பிள்ளை.

சீட்டின் பின்பக்கம் இன்னும் மோசம். ‘முதல் மாதிரியைத் தவிர்த்துச் சேகரிக்கவும். பாதுகாப்பான் உள்ளது.’ ஆச்சிக்கு நான் சொன்னது இது: காலையில் எழுந்ததும் போகிற முதல் நீரைக் கழித்துவிடுங்கள், மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், மறுநாள் அதே மணிக்குப் போவது வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் சேருங்கள்.

“அடியில ஏதோ தண்ணி கெடக்கேன்னு கழுவப் பாத்தேனே.”

அதுதான் அந்தப் ‘பாதுகாப்பான்’. சிறுநீர் கெடாமல் காக்கும் அமிலம் ஆச்சி, கையில் பட்டால் பொத்துவிடும்.