உறுதிமொழி சொல்லாத பிள்ளையைப் பாடசாலை தண்டிக்கலாமா?

காலைக்கூட்டத்தில் எல்லாரும் கையை நீட்டி உறுதிமொழி சொல்கிறார்கள். உங்கள் மகள் நேராகத்தான் நிற்கிறாள், வாய் மட்டும் திறக்கவில்லை. நீங்கள் யெகோவாவின் சாட்சிகள் (கொடி வணக்கம், உறுதிமொழி போன்றவற்றை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவு) குடும்பமாக இருக்கலாம், வேறு மனச்சாட்சிக் காரணமும் இருக்கலாம். "நாளைக்கு அம்மாவோட வா" என்கிறார் வகுப்பாசிரியர்.

போகுமுன் இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையை வாசியுங்கள். சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் அதில் இருக்கிறது. பேச்சுச் சுதந்திரத்தை இன, மத ஒற்றுமையின் பேரில் சட்டத்தால் மட்டுப்படுத்த 15ஆம் உறுப்புரை இடம் கொடுக்கிறது. 10ஆம் உறுப்புரையைத் தொட அது இடம் கொடுக்கவில்லை. ஆகவே அதிபரிடம் பேச்சுரிமை என்று தொடங்காதீர்கள், மனச்சாட்சி என்று தொடங்குங்கள். தேசிய ஒற்றுமையை வளர்ப்பது கடமை என்று 28ஆம் உறுப்புரை சொல்கிறதே என்று அவர் கேட்கலாம். அடுத்ததையும் புரட்டச் சொல்லுங்கள்: அந்தக் கடமைகளை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்கிறது 29.

கேரளத்தில் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் பாடாத மூன்று பிள்ளைகளைப் பாடசாலை விலக்கியது. மரியாதையாக நின்றதே போதும் என்று 1986இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அமெரிக்காவில் 1943இல், உலகப்போரின் நடுவிலேயே, கொடி வணக்கத்துக்கு மாணவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பு அதே நீதிமன்றம் நேர்மாறாகச் சொல்லியிருந்தது! இவை நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. சட்டத்தரணி எடுத்துக்காட்டலாம், அவ்வளவுதான். இரண்டும் காப்பாற்றியது பேசாமல் நின்ற பிள்ளைகளை, கூட்டத்தைக் குழப்பியவர்களை அல்ல.

முதலில் அதிபருக்கு ஒரு சின்னக் கடிதம் கொடுங்கள், பிரதி உங்களிடம் இருக்கட்டும். சரிவராவிட்டால் வலயக் கல்வி அலுவலகம். ஆனால் அங்கிருந்து பதில் வரும் என்று நாட்களை விட்டுவிடாதீர்கள். அரச பாடசாலை பிள்ளையைத் தண்டித்தாலோ விலக்கினாலோ, அடிப்படை உரிமை மனுவைக் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருப்பதால் அந்தப் பக்கத்தவர்கள் இதற்காகக் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

தனியார் பாடசாலை என்றால் வழி கடினம். அந்த மனு அரசின் நிறைவேற்று, நிர்வாகத் துறைச் செயல்களுக்கு எதிரானது. முதலில் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள்.