மெரினோ கம்பளியைப் பருத்தி போலத் துவைக்காதீர்கள்

மெரினோ என்பது மெல்லிய கம்பளி தரும் ஒரு செம்மறியாட்டினம். ஆடைப் பரிசோதனைக் கூடத்தில் என் மேசைக்கு வரும் மெல்லிய மெரினோ பனியன்கள் பெரும்பாலும் இரண்டே புகார்களோடு வருகின்றன. ஒன்று, சுருங்கிவிட்டது. மற்றொன்று, பூச்சி அரித்துவிட்டது. குளிர்நாட்டில் படிக்கும் பிள்ளை விடுமுறைக்குக் கொண்டுவந்தது, இமயமலை நடைப்பயணத்துக்கென்று ஆசையாக வாங்கியது எனப் பலவும் வரும். எல்லாமே விலை கூடியவை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், உடுத்தி உடுத்தித் தேய்ந்தவை அவற்றில் குறைவு. துவைத்துக் கெட்டவைதான் அதிகம்.

துவைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சோப்புத்தூளில் ஊறவைத்து, கல்லில் கசக்கி, முறுக்கிப் பிழிந்து, உச்சி வெயிலில் கொடியில் போடுவது தலைமுறைகளாகப் பருத்திக்கு நாம் பழகிய முறை. பருத்தி இழை நனைந்தால் வலுக் கூடும். அதனால் அத்தனை அடியையும் தாங்கும். கம்பளி இழை நனைந்தால் வலுக் குறையும். ஈரமாக இருக்கும்போதுதான் அதைப் பூப்போலக் கையாள வேண்டும். நாமோ அப்போதுதான் முறுக்குகிறோம்.

கம்பளி என்பது கெரட்டின் என்னும் புரதம். நம் தலைமுடியும் அதுதான். முடியைப் போலவே ஒவ்வொரு கம்பளி இழையின் மேலும் நுனியை நோக்கிச் சாய்ந்த செதில்கள் உண்டு. வெந்நீர், சோப்பு, கசக்கல் மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இழை ஒரு திசையில் நகரும், திரும்பி வராது. ஆடை இறுகித் தடித்துச் சிறுத்துவிடும். அப்படித் திரண்ட துணியை எவ்வளவு இழுத்தாலும் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியாது.

‘மெஷினில் துவைக்கலாம்’ என்று லேபிள் சொன்னால், பெரும்பாலும் குளோரின் கொண்டு செதில் முனைகளை மழுக்கி, மேலே மெல்லிய பிசின் பூச்சுக் கொடுத்திருப்பார்கள். அது சுருங்குவதைத் தடுக்கும். தவறான சோப்பிலிருந்து காப்பாற்றாது. கறை நீக்குவதாக விளம்பரம் செய்யும் சோப்புத்தூள்கள் பலவற்றில் புரோட்டியேஸ் என்னும் நொதி இருக்கிறது. ரத்தம், பால், முட்டைக் கறைகளில் உள்ள புரதத்தைச் சிதைப்பது அதன் வேலை. ஆடையே புரதமாக இருக்கும்போது அது கறையோடு நிற்காது. பிளீச் இன்னும் கொடியது. கலப்புத் துணியில் கம்பளி எத்தனை சதவீதம் என்று அறிய ஆய்வகத்தில் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைப் பயன்படுத்துகிறோம். கம்பளி முழுவதும் கரைந்துவிடும். பருத்தியும் பாலியஸ்டரும் மிஞ்சும். வீட்டில் வெள்ளைத் துணிக்கு ஊற்றும் பிளீச் திரவத்தில் இருப்பதும் பெரும்பாலும் அதே வேதிப்பொருள்தான்.

ஆகவே கம்பளிக்கென்று விற்கும், நொதி இல்லாத மென்மையான திரவ சோப்பை வாங்குங்கள். 30 டிகிரிக்கு மேற்படாத நீரில் சில நிமிடங்கள் மெதுவாக அமுக்கி எடுத்து, அதே அளவு சூடுள்ள நீரில் அலசுங்கள். பிழியாமல், உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் நீர் போய்விடும். பிறகு நிழலில், மின்விசிறியின் கீழ், பரப்பி உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் தன் ஈரத்தின் பாரத்திலேயே நீண்டுவிடும். கடும் வெயில் வெள்ளைக் கம்பளியை மஞ்சளாக்கும்.

இதைவிட முக்கியமானது, ஒவ்வொரு முறை உடுத்திய பின்னும் துவைக்காமல் இருப்பது. தினமும் துவைத்துக் கட்டும் நமக்கு இது ஒவ்வாத யோசனை என்று தெரியும். ஆனால் கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. வியர்வையின் நாற்றத்தை உண்டாக்கும் பொருள்களையும் இழை தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. பாலியஸ்டர் அவற்றை எளிதில் வெளியே விட்டுவிடும். உடுத்திய மெரினோவை இரவு முழுவதும் காற்றோட்டமாகப் போட்டு வைத்தால் காலையில் பெரும்பாலும் மீண்டும் உடுத்தலாம். கறை பட்டால் அந்த இடத்தை மட்டும் அலசினால் போதும்.

கம்பளி என்றாலே உடம்பில் குத்தும் என்பவர்களுக்கு: சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைகளின் முனைகள்தான் தோலைக் குத்துகின்றன. மெல்லிய மெரினோ பனியன்களில் இழை பெரும்பாலும் 17 முதல் 19 மைக்ரான். அவை தோலில் பட்டதும் வளைந்துவிடும். நம் நீலகிரி ஆட்டினத்திலும் மெரினோ ரத்தம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் டாஸ்மேனிய மெரினோவும் வேறு சில இனங்களும் உள்ளூர் ஆடுகளோடு கலந்து உருவான இனம் அது. அதற்காகச் சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் மெரினோ உடுத்தச் சொல்ல மாட்டேன். அங்கே மெல்லிய பருத்திதான் சுகம். மலை ஏறுபவர்களுக்கும், குளிர்நாட்டில் வாழ்பவர்களுக்கும், குறைந்த துணியோடு நெடும்பயணம் போகிறவர்களுக்கும் இது அருமையான ஆடை.

இனி, பூச்சி அரித்ததாகப் புகார் வரும் அந்த ஓட்டைகள். சதுர மீட்டருக்கு 150 கிராம் அளவில் பின்னப்பட்ட துணி மெல்லியது. பெல்ட் பக்கிளும் ஜீன்ஸ் பொத்தானும் படும் அடிவயிற்றுப் பகுதியில்தான் ஊசித் துளைகள் முதலில் விழும். முதுகுப்பையின் வார் உராயும் தோளிலும், உடன் துவைத்த ஜிப்பால் மற்ற இடங்களிலும் விழும். உராய்ந்து அறுந்த இழையின் முனை நுண்ணோக்கியில் தூரிகைபோலப் பிரிந்திருக்கும். பூச்சி கடித்ததில் பல் பதிந்த வெட்டு தெரியும். அருகில் புழுவின் நூலாம்படையோ எச்சமோ கிடக்கும். கடிப்பது அந்துப்பூச்சியின் புழு, பறக்கும் பூச்சியல்ல. வியர்வையும் உணவுக் கறையும் உள்ள துணியை அது விரும்பித் தின்னும். எனவே அடிக்கடி துவைக்கவேண்டாம் என்றாலும், நெடுநாள் உள்ளே வைப்பதற்கு முன் மட்டும் கட்டாயம் துவைத்து, நன்றாக உலர்த்தி, இறுக்கமாக மூடும் பையில் வையுங்கள்.

அந்துருண்டை போடும் வழக்கம் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அதில் நாப்தலின் இருந்தால், ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை அது சிதைக்கக்கூடும். அந்துருண்டையோடு பெட்டியில் இருந்த துணியில் சுற்றப்பட்ட பச்சிளம் குழந்தைகள் ரத்தசோகைக்கும் கடும் மஞ்சள்காமாலைக்கும் ஆளானது மருத்துவம் பதிவு செய்த உண்மை. குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம். பூச்சி இருக்கிறது என்று ஐயமானால், காற்றுப் புகாத பையில் ஆடையை இட்டு, மைனஸ் 18 டிகிரி எட்டும் ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும்.

துளை விழுந்த ஆடையைத் துவைப்பதற்கு முன்பே தைத்துவிடுங்கள். தைக்காமல் துவைத்தால் பின்னல் கண்ணி ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்து, ஊசித் துளை விரல் நுழையும் ஓட்டையாகும். மெல்லிய ஊசியும் அதே நிற நூலும் போதும். தையலை இறுக்காமல் கண்ணிகளைக் கோத்து விடுங்கள்.