மாட்டேன் என்று சொன்ன சர்வர்

பினாங்கு ஜோர்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு கணக்காய்வாளர் அலுவலகம். 2024 தீபாவளி முடிந்த வாரம் முதலாளி கூப்பிட்டார். "இந்த சர்வர் இத்தனை வருஷமா ஓடுது தம்பி. அப்டேட்டைத் தட்டினா மட்டும் முடியாதுங்குது!"

கோப்புகளைச் சொந்த சர்வர் கணினியில், நெக்ஸ்ட்கிளவுட் 25 என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளில் வைத்திருந்தார்கள். 26-க்கு ஏற்றப் போனால், அது எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பி 8.0 வேண்டும், இங்கே இருப்பது 7.4 என்று மறுத்துவிட்டது. வேலை செய்வதை மென்பொருள்காரர்கள் வேண்டுமென்றே கெடுக்கிறார்கள் என்பது முதலாளி கட்சி. நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் பிஎச்பி 7.4 வெளிவந்தது 2019 நவம்பரில். 2022 நவம்பரோடு அதை உருவாக்கியவர்களே பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டார்கள். மென்பொருள் சாய்ந்து நிற்கும் நூலகங்களும், அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்களும், நகர்ந்துவிடுகின்றன. சிம்ஃபொனி 6 என்ற நூலகத்துக்கே பிஎச்பி 8.0.2 தேவை. பழையதையும் தாங்க வேண்டுமென்றால் பழைய நூலகங்களைக் கட்டி அழ வேண்டும், ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டிலும் சோதிக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த சர்வரின் இயங்குதளமான உபுண்டு 20.04-இல் வரும் 7.4-க்கு உபுண்டுக்காரர்கள் 2025 மே வரை தாங்களே ஒட்டுப் போட்டுத் தந்தார்கள். அதனால் அன்றைக்கு அவர் பிஎச்பி திறந்த வீடாகக் கிடக்கவில்லை. நெக்ஸ்ட்கிளவுட் 25 கதை வேறு. அதற்குத் திருத்தம் நின்று ஓர் ஆண்டு ஆகியிருந்தது.

நல்லவேளையாக 25-க்கு 7.4-உம் சரி, 8.1-உம் சரி. அதைப் பாலமாக வைத்துக்கொண்டேன். சர்வரை நகல் எடுத்து, நகலில் உபுண்டுவை 22.04-க்கு ஏற்றினால் 8.1 தானாக வந்துவிடும். அப்புறம் 26, 27 என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும், தாண்டிக் குதிக்க விடமாட்டார்கள். கட்டளைத் திரையில் பிஎச்பி 8.1 என்று காட்டியது. உலாவியில் பார்த்தால் இன்னும் 7.4! பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் அப்பாச்சி மென்பொருள் பழைய பிஎச்பி மாட்யூலையே பிடித்துக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் பலர் சறுக்குவார்கள். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

என்னை உட்கார வைத்தது அதுவல்ல. முன்பு யாரோ பிஎச்பியில் எழுதிக் கொடுத்த சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று அங்கே இருந்தது, வாடிக்கையாளர் பட்டியலை எடுப்பதற்கு. நகலில் ஓட்டிப் பார்த்த கிளார்க் அக்கா, "புதுசு தப்பா காட்டுது தம்பி, ஆள் கூடிப் போச்சு" என்றார். எண்ணிப் பார்த்தோம். புதியதுதான் சரி. வாடிக்கையாளரின் குறியீடு சுழியமா என்று பார்த்து, சுழியமென்றால் அந்த ஆளை விட்டுவிடும் வரி ஒன்று ஸ்கிரிப்டில் இருந்தது. 7.4-இல் 'ஏ12' போன்ற எழுத்தில் தொடங்கும் குறியீட்டைச் சுழியத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் சமம் என்று சொல்லிவிடும். 8.0 முதல் சமமில்லை. அந்த வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் பட்டியலில் வராமலே இருந்திருக்கிறார்கள். ஒரு பிழைச் செய்தி கூட வந்ததில்லை.

முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இனி எத்தனை வருஷத்துக்குத் தொல்லை இல்ல?" என்றார்.

"வருஷமா? 8.1-ஐ உருவாக்கினவங்க திருத்தம் தர்றதுக்கு 2025 டிசம்பர் 31 கடைசி அண்ணே. காலண்டர்ல குறிச்சுப் போடுங்க."

சுவரில் தொங்கிய நகைக்கடைக் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். "அடுத்த வருஷக் காலண்டர் இன்னும் வரலியே தம்பி."